தோட்டா நிரப்பும் மிஷின்: செய்கூலி, சேதாரம் போட்டுப் பார்த்த கணக்கு

காலை ஆறு மணிக்கு ஏற்காட்டில் வாசல் கதவைத் திறந்தால் சில்வர் ஓக் மரங்கள் பாதி உயரம்தான் தெரியும், மீதி பனிக்குள் இருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் என் அக்கா மகன் ஓஹையோவிலிருந்து கூப்பிடுவான். அங்கே அவனுக்கு ராத்திரி எட்டரை. போன வாரம் எடுத்த எடுப்பிலேயே, "மாமா, காலி தோட்டா நாலு மூட்டை சேர்ந்துடுச்சு. நீங்க வச்சிருந்த மாதிரி ஒரு மிஷின் வாங்கிடட்டுமா? காசு மிச்சம் ஆகுமா?" என்றான். போனில் அரைமணி நேரம் சொன்னேன். சொல்ல விட்டுப்போனதும் நிறைய. அங்கே டிராப் (மிஷின் வீசும் மண்தட்டைத் துப்பாக்கியால் சுடும் விளையாட்டு) சுடப் பழகும் நம்மூர்ப் பிள்ளைகள் இப்போது கொஞ்சம் பேர் இருப்பதால் எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

நான் அதே ஓஹையோவில், டேட்டன் ஊரில் ஒரு டூல்ரூமில் (ஆலைக்கு வேண்டிய கருவிகளைச் செய்யும் பட்டறை) இருபது வருஷம் வேலை பார்த்தவன். பக்கத்து ஊர் வேண்டேலியா. 2005 வரைக்கும் கிராண்ட் அமெரிக்கன் என்ற பெரிய டிராப் போட்டி அங்கேதான் நடந்தது. 2006-இல் இல்லினாய் மாநிலத்து ஸ்பார்ட்டாவுக்குப் போய்விட்டது. வேடிக்கை பார்க்கப் போனவன் கிளப்பில் சேர்ந்து, பதினாலு வருஷம் சொந்தமாகத் தோட்டா நிரப்பினேன். ஆனால் கணக்குப் பார்க்கக் கற்றுக்கொண்டது அங்கே இல்லை. செவ்வாப்பேட்டையில் அப்பா கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். வெள்ளி விலை, செய்கூலி, சேதாரம் மூன்றையும் தனித்தனியாக எழுதாமல் அவர் ஒரு ஜோடி கொலுசுக்கும் விலை சொன்னதில்லை. தோட்டாவுக்கும் அந்தக் கணக்குத்தான் சரி.

முதலில் இரண்டு சட்ட விஷயம். இதைத் தாண்டிவிட்டு மிஷினைப் பற்றிப் பேசுவது தப்பு.

நம் நாட்டில் இது கிடையாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கவே கூடாது. துப்பாக்கி வைத்துக்கொள்ள வாங்கிய உரிமம் தோட்டா செய்ய உரிமம் ஆகாது. இங்கே மலையில் பன்னிரண்டு போர் துப்பாக்கி வைத்திருக்கும் எஸ்டேட்காரர் ஒருவர், "காலி கார்ட்ரிட்ஜ் வீணாப் போகுதே, ஒரு மிஷின் கொண்டு வந்திருக்கலாமே" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதும் இதேதான். நான் ஊர் திரும்பும்போது என் மிஷினைக் கிளப்பிலேயே ஒரு பெரியவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர் இரண்டையும் எந்தப் பெட்டியில் வைத்தும் விமானத்தில் ஏற்றக்கூடாது.

இரண்டாவது, அங்கே இருப்பவர்களுக்கு. எச்1பி, எஃப்1 மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. நாம் அதற்குள் வருகிறோமா என்று ஒரு வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு தோட்டாவைக்கூட வீட்டில் வைக்காதீர்கள். கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை இல்லை. சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள மத்திய உரிமம் வேண்டியதில்லை, விற்பதென்றால் வேண்டும். மாநிலச் சட்டம் இடத்துக்கு இடம் மாறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். என் மருமகனுக்கு மூன்று வருஷத்துக்கு முன்பே கிரீன் கார்டு கிடைத்துவிட்டது. அதனால்தான் மேற்கொண்டு பேசினேன்.

இனி தோட்டா. அதில் ஐந்தே சாமான். வெளியே பிளாஸ்டிக் கூடு, அதைத்தான் அங்கே ஹல் என்பார்கள். அடியில் பிரைமர். அதற்குமேல் மருந்து. மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் கோப்பை மாதிரி ஒரு பிளாஸ்டிக் தக்கை, அதன் பெயர் வாட். கோப்பைக்குள் ஈய ரவை. கடைசியில் கூட்டின் வாயை ஆறு மடிப்பாகவோ எட்டு மடிப்பாகவோ மடித்து மூடிவிடுவது, அது கிரிம்ப். சுட்டபின் கையில் மிஞ்சுவது கூடு மட்டும்தான். மற்ற நான்கையும் திரும்ப வைத்து மூடத்தான் மிஷின்.

காசு எங்கே போகிறது என்று பாருங்கள். நான் போடும் விலை கணக்குக்காக வைத்துக்கொண்டது. உங்கள் ஊர்க் கடை விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ரவை 25 பவுண்டு பையாக வரும், அதாவது 400 அவுன்ஸ். பை 50 டாலர் என்றால், ஒரு அவுன்ஸ் ரவை போடும் பன்னிரண்டு கேஜ் தோட்டாவுக்கு (கேஜ் என்பது குழல் அளவு, எண் கூடினால் குழல் சின்னது) ரவை மட்டும் பன்னிரண்டரை சென்ட். பிரைமர் ஆயிரம் 70 டாலர் என்றால் ஒன்று 7 சென்ட். ஒரு பவுண்டு மருந்தில் 7000 கிரெயின். தோட்டாவுக்கு 18 கிரெயின் என்று வைத்தால் 388 தோட்டா வரும். பவுண்டு 35 டாலர் என்றால் 9 சென்ட். வாட் ஐந்நூறு 15 டாலர் என்றால் 3 சென்ட். கூடு நாம் சுட்டதுதான், அதற்கு விலை இல்லை. ஆக ஒரு தோட்டா 31½ சென்ட், 25 கொண்ட பெட்டி 7 டாலர் 88 சென்ட். இந்த 18 கிரெயின் கூட்டிக் கழிப்பதற்காகச் சொன்னது, அதை அளவாக எடுத்துக்கொண்டு நிரப்பிவிடாதீர்கள். அளவைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கடையில் அதே பெட்டி ஒன்பதரை டாலருக்குக் கிடைத்தால், பெட்டிக்கு மிச்சம் 1 டாலர் 62 சென்ட். மிஷின், தராசு, பார் (மருந்தையும் ரவையையும் அளந்து விடும் சட்டம்) எல்லாம் சேர்த்து 300 டாலர் போட்டிருந்தால், முதல் திரும்ப 185 பெட்டி ஆகும். வாரம் இரண்டு பெட்டி சுடுபவனுக்கு அது ஒன்றே முக்கால் வருஷம். மருந்தையும் பிரைமரையும் கூரியரில் வரவழைத்தால் ஆபத்தான சரக்கு என்று தனிக் கட்டணம் போடுவார்கள். அதையும் சேர்த்தால் இன்னும் தள்ளிப்போகும். நான் மணிக்கு நிதானமாக நாலு பெட்டி நிரப்புவேன். அப்படியென்றால் என் செய்கூலி மணிக்கு ஆறரை டாலர். சேதாரமும் உண்டு: மடிப்பு கோணலாகி, வாய் நசுங்கி, நூற்றுக்கு இரண்டு மூன்று கூடு ஆரம்பத்தில் போகத்தான் செய்யும்.

இப்போது இதையே ஃபோர்-டென் என்ற சின்னக் குழல் தோட்டாவுக்குப் போடுங்கள். ரவை அரை அவுன்ஸ், ஆறேகால் சென்ட். பிரைமர் அதே 7. மருந்து 14 கிரெயின் என்று வைத்தால் 7 சென்ட். வாட் 4 சென்ட். பெட்டி 6 டாலர்தான் ஆகிறது. கடையிலோ இந்தச் சின்னத் தோட்டாதான் விலை அதிகம்; பெட்டி 17 டாலர் என்று வைத்தால் மிச்சம் 11 டாலர். முந்நூறு டாலர் 27 பெட்டியில் திரும்பிவிடும். 28 கேஜுக்கும் கிட்டத்தட்ட இதே கதை. ஸ்கீட் என்ற இன்னொரு வகைத் தட்டுப் போட்டி சுடுபவர்களில் பலர் வீட்டில் மிஷின் வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

ஆகவே மருமகனுக்கு நான் சொன்ன பதில்: பன்னிரண்டு கேஜ் மட்டும் சுட்டுக்கொண்டு, மலிவுத் தோட்டாவை மூட்டையாகத் தள்ளுபடியில் வாங்குகிறவனுக்குக் காசு மிச்சம் ஆகாது. ஆகும் என்று சொல்பவர்கள் தங்கள் ராத்திரி நேரத்துக்கு விலை போடாதவர்கள். ஈய விலை 2007 வாக்கில் தாறுமாறாக ஏறியபோது எங்கள் கிளப்பில் பாதிப்பேர் மிஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டார்கள். 2020, 2021-இல் பிரைமர் தட்டுப்பாடு வந்தபோது, கையிருப்பு இல்லாதவர்களுக்கு மிஷின் இருந்தும் பிரயோஜனம் இல்லாமல் போனது.

அப்புறம் நான் ஏன் பதினாலு வருஷம் நிரப்பினேன்? தோளுக்காக. டிராப் போட்டியில் 1⅛ அவுன்ஸ் வரை போகலாம் என்று விதி. ஒரு நாளில் நூறு சுட்டால் எனக்கு வலது தோளும் கழுத்தும் பிடித்துக்கொள்ளும். ⅞ அவுன்ஸ் ரவையோடு இதமான தோட்டா செய்துகொண்டேன். கடையில் அந்த மாதிரி மென்மையான தோட்டா தேடித்தான் பிடிக்கவேண்டும், கிடைத்தாலும் விலை குறைவாக இருக்காது. ஒரு பை ரவையில் 400-க்குப் பதில் 457 தோட்டா வந்தது கூடுதல் லாபம். அருகிலிருந்து சுடும் பதினாறு கெஜ தூர வரிசையில் ஒரு தட்டுகூட அதனால் தப்பியதாக எனக்குத் தோன்றவில்லை. உனக்கும் இப்படி ஒரு காரணம் இருந்தால் வாங்கு, இல்லாவிட்டால் காலிக் கூடுகளை நிரப்புகிற யாருக்காவது கொடுத்துவிடு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவளும் சுடப் பழகணுங்கிறா மாமா, 20 கேஜ்" என்றான். மனைவியைத்தான் சொல்கிறான். அது நல்ல காரணம்.

சரி, எந்த மிஷின்?

விலை குறைவானது லீ லோட்-ஆல். பெரும்பாலும் பிளாஸ்டிக். 12, 16, 20 கேஜுக்கு மட்டும் உண்டு. மருந்து, ரவை அளவுக்கான புஷ்ஷெல்லாம் (நடுவில் அளவுக் குழி உள்ள சின்ன உருளைகள்) கூடவே வந்துவிடும். வருஷத்துக்கு இருபது முப்பது பெட்டி போதும் என்பவருக்கு அது தாங்கும். டூல்ரூம் ஆள் என்பதால் அந்தக் கைப்பிடியின் ஆட்டம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அதில் வந்த தோட்டா நன்றாகவே வெடித்தது.

விஸ்கான்சின் மாநிலம் மேவில் ஊரில் செய்யும் மெக் கம்பெனி மிஷின்தான் கிளப்புக்குக் கிளப் பார்ப்பது. இரும்பு உடம்பு, எளிமையான இணைப்புகள், தேய்ந்த பாகம் கிடைக்கும். அதில் 600 ஜூனியர், சைஸ்மாஸ்டர் இரண்டும் ஒரு நேரத்துக்கு ஒரு கூடுதான் எடுக்கும். ஒரே கூடு ஐந்து இடம் மாறிப் போகும்: பழைய பிரைமரைத் தள்ளி அடிப்பாகத்தை அளவுக்குக் கொண்டுவருவது, புதுப் பிரைமர் ஏற்றுவது, மருந்து-வாட்-ரவை, மடிப்பைத் தொடங்குவது, மூடுவது. ஒவ்வொரு இடத்திலும் கூடு நம் கையில், நம் கண் முன்னால். முதல் மிஷின் இப்படித்தான் இருக்கவேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சே கிடையாது.

600-க்கும் சைஸ்மாஸ்டருக்கும் பெரிய வித்தியாசம் அடிப்பாகத்தைச் சுருக்கும் விதம். சைஸ்மாஸ்டரில் விரல்கள் மாதிரி பிளவுபட்ட ஒரு வளையம் அடிப்பாகத்தைச் சுற்றிப் பிடித்து நெருக்கும். மலிவுத் தோட்டாக்களின் அடிப்பாகம் பித்தளை மாதிரி தெரியும்; காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ளும், உள்ளே இரும்பு. இரும்பு நெருக்கியபின் கொஞ்சம் திரும்பி விரியும். அப்படிப்பட்ட கூடு, அடுத்தவர் துப்பாக்கியில் சுட்ட கூடு, செமி-ஆட்டோவில் போடும் தோட்டா என்றால் சைஸ்மாஸ்டருக்குக் கூடக் கொடுக்கும் காசு வீண்போகாது. மடக்குத் துப்பாக்கியில் தன் கூட்டையே திரும்பத் திரும்பச் சுடுபவருக்கு 600 போதும்.

கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் ஒரு முழுத் தோட்டா விழும் மிஷின்கள் வேறு. மெக் கிராப்பர், தானே சுற்றிக்கொள்ளும் 9000 வரிசை, ஐடஹோவில் செய்யும் பான்ஸ்னஸ் வாரன். பான்ஸ்னஸ் வாரனில் கூடு ஆரம்பத்திலிருந்து முடிவு வரை டை என்ற ஒரு அச்சுக்குள்ளேயே உட்கார்ந்து சுற்றும். அதனால் வரும் தோட்டா புதிது போலவே இருக்கும், விலையும் அப்படி. மெக் 650 மட்டும் அடிப்பாகத்தைச் சுருக்காது, அதற்குத் தனிக் கருவி வேண்டும். பழையது வாங்கும்போது இதைத் தெரியாமல் வாங்கிவிடுகிறார்கள். வாரம் எட்டு, பத்துப் பெட்டி சுடாதவருக்கு இந்த ரகம் எதுவும் தேவையில்லை. ஒரே நேரத்தில் ஆறு கூட்டில் ஆறு வேலை நடக்கிறது. பிரைமர் சிக்கினாலோ மருந்து தீர்ந்தாலோ நீங்கள் கவனிப்பதற்குள் ஏழெட்டு தப்புத் தோட்டா பெட்டிக்குள் போயிருக்கும்.

பழைய மிஷின் வாங்கத் தயங்க வேண்டாம். பெரியவர்கள் சுடுவதை நிறுத்தும்போது கிளப் பலகையில் எழுதி ஒட்டுவார்கள். கைப்பிடியைப் பாதி இறக்கி இடது வலதாக ஆட்டிப் பாருங்கள். கைப்பிடி மூட்டில் இருக்கும் முள் தேய்ந்திருந்தால் கையில் தெரிந்துவிடும். பார், புஷ் எத்தனை கூட வருகிறது என்று கேளுங்கள். கேஜ் மாற்ற டை செட் தனியாகக் கிடைக்கும். ஆனாலும் மருமகனைப் போல இரண்டு கேஜ் நிரப்புகிறவர் பழைய மிஷின் இரண்டாக வைத்துக்கொள்வதுதான் நிம்மதி.

தராசு இல்லாமல் மிஷின் வாங்காதீர்கள். மிஷின் மருந்தை எடையால் அளப்பதில்லை, புஷ்ஷின் குழி அளவால் அளக்கிறது. புஷ்ஷோடு வரும் அட்டவணையில் 18 என்று போட்டிருந்தால் தராசில் 17 காட்டும், சில சமயம் அதற்கும் கீழே. கைப்பிடியை அதிர அடித்தால் மருந்து குழிக்குள் இறுகி உட்காரும், அளவு கூடிவிடும். எல்லா இழுப்பும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். பத்துத் தடவை இறக்கி, ஒவ்வொன்றையும் எடைபோட்டு எழுதிவைப்பேன். பட்டறையில் அப்பா குன்றிமணியை விரலால் உருட்டிக் காட்டுவார். ஒரு குன்றிமணி கிட்டத்தட்ட இரண்டு கிரெயின். அவ்வளவு வித்தியாசம் தோட்டாவுக்குள் மருந்தில் கூடிப்போனால் அது சின்ன விஷயம் இல்லை. பன்னிரண்டு கேஜ் இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவுக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. நம் முகத்துக்குப் பக்கத்தில்தான் அந்த அறை இருக்கிறது.

அளவை வெடிமருந்துக் கம்பெனிகள் இலவசமாக வெளியிடும் அட்டவணையிலிருந்து மட்டும் எடுக்கவேண்டும். அதில் எந்தக் கூடு, எந்தப் பிரைமர், எந்த வாட், எத்தனை ரவை, எத்தனை கிரெயின் என்று ஐந்தும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். ஒன்றை மாற்றினாலும் அது வேறு தோட்டா. "இந்தப் பிரைமர் கிடைக்கலே, அதைப் போட்டுக்கிட்டேன்" என்ற பேச்சே கூடாது. வின்செஸ்டர் ஏஏ, ரெமிங்டன் எஸ்டிஎஸ் கூடுகள் பல தடவை தாங்கும். மடிப்பின் ஓரம் வெடித்தாலோ கருகிப் பொத்தல் விழுந்தாலோ தூக்கிப் போட்டுவிடவேண்டும். ஒரு ரகக் கூட்டையே பொறுக்கிச் சேர்த்தால் மிஷினைத் திருகிக்கொண்டே இருக்கவேண்டியதில்லை.

என் தப்பு ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு நவம்பர் ராத்திரி, மறுநாள் போட்டிக்கு அவசரமாக நிரப்பினேன். மிஷின்மேல் இருக்கும் மருந்து பாட்டில் தீர்ந்துகொண்டு வந்ததைப் பார்க்கவில்லை. கடைசி மூன்று நாலு தோட்டாவில் அரைகுறை மருந்துதான் விழுந்திருக்கிறது. மறுநாள் பதினேழாவது தட்டுக்கு விசையை அழுத்தினேன். வழக்கமான வெடி இல்லை. யாரோ போர்வையை உதறினதுபோல 'புஸ்' என்று ஒரு சத்தம். பத்தடி தூரத்தில் ரவை புல்மேல் உதிர்ந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் என் தோளைப் பிடித்து, "நிறுத்து, மடக்கு, உள்ளே பார்" என்றார். துப்பாக்கியை மடக்கி, காலிக் கூட்டை எடுத்துவிட்டு, குழல் வழியே வானத்தைப் பார்த்தேன். வட்டமாக வெளிச்சம் தெரியவேண்டிய இடத்தில் இருட்டு. வாட் குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது. அடுத்த தோட்டாவைப் போட்டு அழுத்தியிருந்தால் குழல் உப்பியிருக்கும், இல்லை கிழிந்திருக்கும். என் இடது கை அதன்மேல்தான் இருந்தது. அன்று கொண்டுபோன எல்லாத் தோட்டாவையும் பிரித்துப் போட்டேன். அன்று முதல் பாட்டில் பாதிக்குக் கீழே இறங்க விட்டதில்லை, அதன்மேல் ஒரு தனி விளக்கு. சந்தேகப்பட்ட தோட்டாவை எடைபோட்டுக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ரவையின் எடையிலேயே அந்த அளவு கூடுதல் குறைச்சல் வரும். சத்தம் மெலிந்தால் குழலைப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

வீட்டில் வைக்கும் விதம். மேஜைமேல் ஒரு சமயத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா. அது வந்த டப்பாவிலேயே இருக்கட்டும், வேலை முடிந்ததும் பாட்டிலில் மிஞ்சியதைத் திரும்ப அதிலேயே ஊற்றிவிடுங்கள். பிரைமரை அது வந்த தட்டிலேயே வைக்கவேண்டும், பாட்டிலில் கொட்டிக் குலுக்கக் கூடாது. மருந்து சிந்தினால் துடைப்பமும் முறமும்தான், வேக்வம் கிளீனர் கிட்டேயே வரக்கூடாது. கண்ணாடி போடாமல் பிரைமர் ஏற்றாதீர்கள். ஈயம் விரலில் கறுப்பாக ஒட்டும், சோப்புப் போட்டுக் கழுவாமல் காப்பி டம்ளரைத் தொடவேண்டாம், பிள்ளைகளை அந்த அறைக்குள் விடவேண்டாம். மருமகன் வீட்டில் 12, 20 இரண்டும் இருக்கப்போவதால் ஒன்று கூடுதல்: மஞ்சள் நிற 20 கேஜ் தோட்டா ஒன்று தவறி 12 கேஜ் குழலுக்குள் விழுந்தால் நழுவிப்போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். பின்னாலேயே 12 கேஜ் தோட்டா போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இரண்டுக்கும் தனி மேஜை, தனிப் பை, தனி நாள்.

நேற்றுக் காலை திரும்பக் கூப்பிட்டான். கிளப்பில் ஒருவரிடம் பழைய சைஸ்மாஸ்டர், 20 கேஜ், இரண்டு பாரோடு இருக்கிறதாம். முள்ளை ஆட்டிப் பார்த்தானாம், ஆட்டம் இல்லையாம். வாங்கு என்றேன். முதல் நாள் மருந்தே எடுக்காதே. இருபத்தைந்து காலிக் கூட்டில் பழைய பிரைமரைத் தள்ளி அளவுக்குக் கொண்டுவருவதை மட்டும் செய், அடுத்த நாள் தராசோடு புஷ்ஷைச் சரிபார்த்து எழுதி எனக்குப் படம் அனுப்பு, மூன்றாம் நாள் பத்தே பத்துத் தோட்டா நிரப்பு. அந்தப் பத்தையும் நீ சுடு, ஒவ்வொன்றுக்கும் குழலைப் பார். அதன்பிறகு அவள் கையில் கொடு.